அந்த மூன்று படிகள்: நூதனசாலை அமைப்பவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நூதனசாலை நடத்துகிறவர்களுக்கும், இனி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

போன வருடம் என் பெத்தாவை, அதாவது பாட்டியை, ஒரு காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வீல்செயாரில் இருப்பவர். வாசலில் மூன்று படி. அங்கிருந்தவர்கள் நல்ல மனதோடுதான் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள், ஆனால் பெத்தா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு "வீட்ட போவம்" என்றது இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிகளெல்லாம் அவர் தலைக்கு மேலே. இளவயதில் அவர் இழைத்ததைப் போன்ற ஒரு பன்பாய், பன்புல்லில் இழைத்த பாய், அங்கே இருந்ததை நான் சொல்லித்தான் அறிந்தார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி வேண்டும் என்ற 2006 ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. உங்களுக்கும் தெரியும். பழைய கட்டடத்தை இடிக்க ஏலாது என்பீர்கள், சரி, 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய நம் மட்டக்களப்புக் கோட்டையின் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது. இடிக்கத் தேவையே இல்லை. சுவரைத் தொடாமல் நிலத்தில் தானாக நிற்கிற, துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய மரச் சாய்தளம் போதும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், அதாவது ஒன்றரை அடி ஏறும் மூன்று படிக்கு 18 அடி. வாவிக் காற்று இரும்பைத் தின்றுவிடும், ஆகவே வைரம் பாய்ந்த பனை நல்லது; உக்கிய பலகையை மட்டும் மாற்றலாம், நாளைக்கு வேறு வாசலுக்கும் கொண்டுபோகலாம். கொங்கிரீட்டில் செங்குத்தாக ஊற்றிவிட்டால் அந்தப் பிழை அப்படியே இறுகிப்போகும். பெட்டிகளையும் உயர்த்தி இறக்கக்கூடிய கால்களில் வையுங்கள்.

அப்புறம், தொடவிடுங்கள். மூலப்பொருள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கட்டும். மத்தளம், சதங்கை, மீன் பிடிக்கும் கரப்பு, பன்பாய் செய்யும் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனவே, ஒவ்வொன்று செய்வித்து மேசையில் வைத்தால் பார்வையில்லாத பிள்ளை மத்தளத்தையும் சதங்கையையும் தடவி, வடமோடி என்ற நம் நாட்டுக்கூத்தை விரலால் அறியும். தேய்ந்தால் இன்னொன்று செய்விக்கலாம், செய்தவருக்கும் வேலை கிடைக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வரைபடம் கீறுவதற்கு முதல் எங்களைக் கூப்பிடுங்கள். பெத்தாவோடு வருகிறேன், நாற்காலி எங்கே திரும்பும், எங்கே முட்டும் என்று அவரே காட்டுவார். வெயில் ஏறுவதற்கு முன் காலைநேரம் என்றால் அவருக்கு நல்லது.