மொய் நோட்டும் முட்டுக்கட்டையும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பண்பாடும் பொருளாதாரமும் பற்றிய கட்டுரையில், "மொய் போன்ற பழக்கங்கள் கிராமங்களை ரொக்கத்தோடு கட்டிப்போட்டு டிஜிட்டல் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையாக இருக்கின்றன" என்று ஒரு வரி. எழுதியவர் ஆடி மாதத்தில் கீரமங்கலம் பக்கம் வந்ததில்லை போலும். வந்திருந்தால் கறிச்சோறாவது கிடைத்திருக்கும்.

ஆடியில் பணம் திரட்டுவதற்காகவே எங்கள் பகுதியில் வைக்கும் மொய் விருந்துகளில் இருபது ஆண்டுகள் மொய் எழுதியவன் நான். என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கியதே கம்ப்யூட்டர்தான். பெயரையும் ஊரையும் தட்டினால் பழைய கணக்கு வந்து நிற்கிறது. கையோடு அச்சிட்ட ரசீது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பந்தல் போடும் முன்பே செல்போனில் அனுப்பிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் யாரும் வகுப்பெடுக்கவில்லை. வாங்கிய மொய்யைத் திருப்பாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது என்ற பயம் கற்றுக்கொடுத்தது.

2018 நவம்பரில் கஜா புயல் என் தென்னைகளைச் சாய்த்துவிட்டது. கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். கூட்டுப் பட்டா என்றார்கள். அடுத்து, பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் என்றார்கள். ஒரு தடவைகூடத் தவறாமல் திருப்பிச் செய்த மொய்க்கு அங்கே மதிப்பெண் இல்லை. மறு ஆடியில் நாலு பேர் சேர்ந்து விருந்து வைத்தோம். என் பங்குக்கு வந்த மொய்யில் ஆழ்துளைக் கிணறு போட்டேன். வட்டி கிடையாது. திருப்பும்போது மேற்கொண்டு போடுவது வட்டியல்ல, போட்டவர் பெயரில் ஏறும் புதுக் கணக்கு. இதைக் கட்டுரையாளருக்கு யாராவது சொல்லுங்கள். நகையை அடகு வைத்து மொய் செய்து நொடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதியிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

அதே வங்கியின் செயலியில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். மச்சானுக்கு ஐயாயிரம் அனுப்பப் போனால் 'பயனாளியைச் சேர்க்கவும்' என்கிறது, ஏதோ முதியோர் உதவித்தொகை வழங்குவதுபோல. பணம் நடுவழியில் நின்றுபோனால் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. எது முட்டுக்கட்டை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எங்கள் பந்தல்தான் தங்கள் கண்ணில் படுகிறது, அதுவும் நகைக்கடன் விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில்.

கட்டுரைக்கு மறுப்புப் போடும்படி கேட்கவில்லை. படத்தின் கீழே 'வடகாடு, தஞ்சாவூர் மாவட்டம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வடகாடு புதுக்கோட்டை மாவட்டம். கஜா சமயத்தில் இதே தவற்றுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன், பதில் இல்லை. இந்தத் தடவையாவது அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
முப்பதாண்டுச் சந்தாதாரர்,
கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்.