எண்ட்கிளிஃப் பூங்காவின் பத்து வீரர்களுக்காக ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

1944 பிப்ரவரி 22 அன்று மாலை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், எண்ட்கிளிஃப் பூங்காவின் மரச்சரிவில் 'மி அமீகோ' என்னும் பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து, அதிலிருந்த அமெரிக்க வீரர்கள் பத்துப் பேரும் உயிரிழந்தனர். அவர்களுடைய நினைவைக் காத்துவரும் உங்கள் அனைவருக்கும், இப்பூங்காவின் அருகே குடியிருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி டோனி ஃபோல்ட்ஸ் ஐயாவுக்கு. அன்று சிறுவனாகப் புல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்த தாங்கள், விமானி கையசைத்ததைக் கண்டு பதிலுக்குக் கையசைத்ததையும், விமானம் தரையிறங்க இடம்விட்டு விலகிப் போங்கள் என்பதே அதன் பொருள் என்று பின்னாளில் உணர்ந்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். தங்களால்தான் அவர்கள் இறந்தார்கள் என்னும் எண்ணத்தைத் தாங்கள் முதுமைவரை சுமந்திருக்க வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. டென்மார்க்கின் ஆல்போர்க் விமானத்தளத்தைத் தாக்கச் சென்று, ஜெர்மன் போர் விமானங்களின் சூட்டில் சிதைந்து, வடகடலைக் கடந்தும் தன் தளமான செல்வெஸ்டனுக்குப் போய்ச்சேர முடியாத விமானம் அது. ஆயினும் அந்தப் பாரத்தோடுதான், பூங்காவிலுள்ள அவர்களுடைய நினைவிடத்தைப் பேணத் தாங்கள் துடைப்பத்தைக் கையில் எடுத்தீர்கள். கற்படியில் ஒட்டிக் கிடக்கும் ஈர இலைகளைத் தள்ளிவிட்டு, சாய்ந்த பூங்கொத்தை நிமிர்த்தி வைத்து, வீட்டுப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல் அந்த வீரர்களோடு தாங்கள் பேசுவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

2019 ஜனவரியில் நாயுடன் நடந்து வந்த வழியில் ஐயாவைச் சந்தித்து, வீரர்களுக்கு அஞ்சலியாகப் பூங்காவின் மேல் விமானங்கள் பறக்க வேண்டும் என்ற அவருடைய ஆசையை நாடறியச் செய்த, அப்போது பிபிசி அறிவிப்பாளராக இருந்த டான் வாக்கருக்கும், அதை ஏற்று 75ஆம் ஆண்டு நினைவு நாளன்று பூங்காவின் மேல் பறந்த பிரிட்டிஷ், அமெரிக்க விமானப்படையினருக்கும் நன்றி. அணிவகுத்து வந்த போர் விமானங்களுள் ஒன்று மட்டும், இறந்தோருக்கான மரியாதையாக, வரிசையை விட்டு விலகி மேலெழுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த அந்தக் காலைப்பொழுதில் எனக்கு வாய் பேச வரவில்லை.

1969இல் நினைவுக்கல்லை நிறுவியவர்களும், வீரர் ஒருவருக்கு ஒன்றாக ஓக் மரங்களை நட்டவர்களும், ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் குளிரைப் பொருட்படுத்தாமல் நினைவுக்கூட்டம் நடத்துவோரும் எங்கள் நன்றிக்குரியவர்கள்.

போரில் இறந்தவர்களை எண்ணிக்கையாகவே கேட்டு வளர்ந்தவன் நான். உங்களால்தான் ஜான் கிரீக்ஸ்ஹவுசர், லைல் கர்டிஸ், ஜான் ஹம்ஃப்ரி, மெல்கோர் ஹெர்னாண்டஸ், ராபர்ட் மேஃபீல்டு, ஹாரி எஸ்டப்ரூக்ஸ், சார்ல்ஸ் டட்டில், மாரிஸ் ராபின்ஸ், விட்டோ அம்ப்ரோசியோ, ஜார்ஜ் வில்லியம்ஸ் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைக்கக் கற்றுக்கொண்டேன். பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அந்தக் கல்லின்முன் நின்று இப்பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறார்கள்.

என்றும் நன்றியுடன்,
பூங்காவின் அருகே வாழும் ஒரு குடும்பத்தார்,
ஷெஃபீல்டு.