த்ராட்டிலுக்குப் பாட் வாங்கும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்; என் முழங்கால் வலிதான் வந்த விருந்தாளி கிளம்ப மாட்டேன் என்கிற கதையாக இருக்கிறது.

சரி, உன் மின்சார வண்டிக்கு வருவோம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் லீவரை அசைக்காமல் பிடித்திருந்தும் வேகம் துடிக்கிறது என்கிறாய். பழைய ரேடியோவில் கழற்றிய வால்யூம் கண்ட்ரோலைப் போட்டால் துடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் ஒரு பாட்தான், அதாவது திருப்பத் திருப்ப மின்தடை மாறுகிற பொட்டென்ஷியோமீட்டர். சாதாரண கார்பன் பாட்டின் ஆயுள் பத்தாயிரம், பதினைந்தாயிரம் சுழற்சி என்றுதான் டேட்டாஷீட்டில் போட்டிருப்பார்கள். அந்தத் தேய்மானமும் சீராக இருக்காது. வண்டி அதிரும்போது, லீவர் வழக்கமாக நிற்கிற ஒரே இடத்தில் வைப்பர் (பாட்டுக்குள் டிராக் என்கிற தடைப்பட்டையின் மேல் நகரும் தொடுமுனை) உராய்ந்துகொண்டே இருக்கும். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அந்த ஓரிடம் மட்டும் போய்விடும். கண்டக்டிவ் பிளாஸ்டிக் பாட் வாங்கு. பல லட்சம் சுழற்சி தாங்கும்.

இன்னொன்று, வால்யூம் பாட் பெரும்பாலும் லாக் வகை. பாதி திருப்பும் வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் குபீரென்று ஏறும். உனக்கு வேண்டியது திருப்பும் அளவுக்குச் சீராக ஏறும் லீனியர். இப்போதைய பாட்களில் பி என்றால் லீனியர், ஏ என்றால் லாக். பழைய ஐரோப்பிய பாட்களில் ஏ என்றாலே லீனியர். எழுத்தை நம்பாமல் நடுவில் நிறுத்தி அளந்து பார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்டினால் லீனியர்.

பத்து கிலோ ஓம் போதும். பெயரில்லாத பொட்டலத்தைத் தொடாதே. போர்ன்ஸ், விஷே மாதிரி கம்பெனிகளின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் முழு பார்ட் நம்பர் சொல்லி வாங்கு. வந்ததும் முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் மாட்டி மெதுவாகத் திருப்பு. முள் எங்காவது துள்ளினால் திருப்பி அனுப்பிவிடு. டிஜிட்டல் மீட்டரில் இந்தத் துள்ளல் கண்ணில் படாமலே போய்விடும்.

பாட் 300 டிகிரி சுற்றும், உன் லீவர் 75 டிகிரிதான் நகரும் என்று வைத்துக்கொள். மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் பாட்டின் வோல்டேஜை 10 பிட்டில், அதாவது 1024 படியாகப் பிரித்துப் படிக்கும்போது, அதில் 256தான் உனக்குக் கிடைக்கும். வண்டிக்கு அது தாராளம். ஒரு லாபமும் உண்டு: டிராக்கின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினால் வோல்டேஜ் ஒருபோதும் பூஜ்யத்தையோ முழு அளவையோ தொடாது. தொட்டால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிடலாம். இதை விட்டுவிடாதே. கிரவுண்ட் கம்பி அறுந்தால் வைப்பரில் முழு வோல்டேஜ் வரும். வண்டி முழு வேகத்தில் பாயும். கண்ட்ரோலர் பக்கத்தில், வைப்பர் கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரும் போடு. வைப்பர் கம்பி அறுந்தால் அது பூஜ்யத்துக்கு இழுத்துவிடும்.

லீவர் முழுக்கப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டதைச் சொல்ல ஒரு மைக்ரோ ஸ்விட்ச் தனியாக வை. கண்ட்ரோலர் சிக்னலில் ஓடுவது மிகச் சின்ன கரண்ட். வெள்ளிக் கான்டாக்டில் நாளடைவில் படலம் படிந்து தொடர்பு விட்டுவிட்டு வரும். தங்க முலாம் பூசிய கான்டாக்ட் கேட்டு வாங்கு.

உராய்வே வேண்டாம் என்றால், காந்தத்தை வைத்துத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சார் இருக்கிறது. நானாக இருந்தால் அதைத்தான் போடுவேன். உனக்குப் பாட் மேல்தான் ஆசை என்று தெரியும்.

ஆர்டர் போடுவதற்கு முன் லீவரின் துளையை அளந்து எழுது. ஷாஃப்ட் 6 மில்லிமீட்டரிலும் வருகிறது, கால் அங்குலத்திலும் வருகிறது.

அன்புடன்,
ரவி