கிராகோவிலிருந்து அக்காவுக்கு

போலந்து, ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று மூன்று மாதம் ஓடிப்போச்சு. திட்டாதே. நலமாக இருக்கிறேன். குளிர் மைனஸ் 9. மூக்குக்குள் முடி விறைப்பதுகூடப் பழகிவிட்டது. கோட்டு கீழ்வீட்டுப் பெரியவர் கொடுத்தது, கை மட்டும் கொஞ்சம் நீளம். இந்த மாதம் ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல ஓய்வு. பியரோகி என்று உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று, மூன்று வேளையும் அதுதான். அம்மாவிடம் மூன்று வேளை என்று சொல்லாதே.

அந்தப் பெரியவர்தான், நான் இருமினால் கீழிருந்து கம்பால் தட்டுவாரே. பழைய வயோலாக்காரர், வயலின் மாதிரியே கொஞ்சம் பெரிய வாத்தியம் அது. என் அறையில் அப்பா வயலினோடு இருக்கிற போட்டோவைப் பார்த்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். போன வெள்ளிக்கிழமை தனக்கு வந்த இலவச டிக்கெட்டில் கச்சேரிக்குக் கூட்டிப்போனார்.

பெண்டெரெட்ஸ்கி என்ற இசையமைப்பாளர் 1960-ல் எழுதியதை வாசித்தார்கள். இந்த ஊரில் படித்து, 2020-ல் இங்கேயே இறந்தவர். 24 வயலின், 10 வயோலா, 10 செல்லோ, 8 டபுள் பாஸ். தாளமே கிடையாது, ஏட்டில் இத்தனை விநாடி என்றுதான் போட்டிருக்குமாம். எடுத்த எடுப்பிலேயே அவரவர் வாத்தியம் எட்டுகிற உச்சத்தில் போய் அலறவிடுகிறார்கள். பிறகு தந்தியைத் தாங்குகிற குதிரைக்கு அந்தப் பக்கம் வில்லை இழுப்பதும் பலகையைத் தட்டுவதும். அப்பா வந்திருந்தால் "சுருதி சேர்த்துட்டு வாங்கடா" என்று எழுந்து போயிருப்பார். பெரியவரே இதை முதல் தடவை வாசிக்கச் சொன்னபோது, வயோலா பாழாகிவிடும் என்று மறுத்தாராம்.

முதலில் அதற்கு வெறும் "8 நிமிடம் 37 விநாடி" என்றுதான் பெயர். வாசிக்கக் கேட்ட பிறகு, ஹிரோஷிமாவில் மடிந்தவர்களுக்கான ஒப்பாரி என்று மாற்றினாராம். பெயர் தெரியாமல் கேட்டிருந்தால் நான் இன்னும் பயந்திருப்பேன்.

கடைசியில் 52 பேரும் ஆளுக்கொரு சுரம், கால் சுர இடைவெளியில் நெருக்கமாக. பெருஞ்சத்தமாகத் தொடங்கி அரை நிமிடம் போலத் தேய்ந்துகொண்டே போகிறது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை. முன்வரிசைப் பெண்ணின் வில் அப்படியே தந்திமேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து, அப்பா விடியற்காலையில் பிருடையைத் திருகிப் பஞ்சமம் சேர்ப்பது கேட்டது அக்கா. நீ கோலப்பொடி டப்பாவை மூடுகிற சத்தம்கூட. பெரியவர் கைக்குட்டையை நீட்டினார். ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

அது கிடக்கட்டும். வயலினை விற்றுச் சீட்டுப் பணம் கட்டலாம் என்று அத்தான் சொன்னதாக எழுதியிருந்தாயே, வேண்டவே வேண்டாம். மாசிக்குள் அனுப்பிவிடுகிறேன். பாங்கில் ஏதோ தாமதம், அவ்வளவுதான். பெட்டியைப் பரணில் வைக்காதே, மழைக்கு ஒழுகும். தந்தியைக் கொஞ்சமாகத் தளர்த்து. முழுக்க விட்டால் குதிரை விழும், உள்ளே நிற்கிற குச்சியும் சாய்ந்துவிடும். சின்னவன் கேட்டால் தொட்டுப் பார்க்கட்டும். வில்லை மட்டும் கொடுக்காதே.

அப்பா கை நடுக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் தம்பி