கோட்டக்கரையாற்று முகத்துவாரத்துக்கு நல்ல சாலையும், பறவை பார்க்க வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும் கேட்டு மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

அனுப்புநர்:
கோட்டக்கரையாற்றுக் கரையோர ஊர் மக்கள்,
தொண்டி அருகே.

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆற்று முகத்துவாரம் வரையுள்ள சாலையைச் சீரமைப்பது, அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் பார்க்க வருபவர்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்களுக்குப் புதுச் சாலை வேண்டாம். இருக்கிற சாலையை மழைக்குத் தாங்குகிற மாதிரி போட்டுத் தாருங்கள், முகத்துவாரத்தில் பறவை பார்க்க வருகிற சனம் பத்திரமாக நின்று பார்க்க ஓர் இடம் அமைத்துத் தாருங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். சாலையை மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வண்டிகள் நேராகச் சேற்று ஓரம் வரைக்கும் வந்துவிடும், அப்புறம் யாரையும் தடுக்க முடியாது.

கோட்டக்கரையாறு பாக் நீரிணையில் கலக்கிற இடம்தான் காரங்காடு பகுதி. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 2017ஆம் ஆண்டு முதல் அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள், லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் படகில் ஏற்றுகிறார்கள், வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு செய்து தருகிறார்கள். நல்ல முயற்சி, நாங்கள் மனசாரப் பாராட்டுகிறோம். மாவட்டம் முழுக்கவே இப்போது பறவை பார்க்க வருகிற கூட்டம் கூடியிருக்கிறது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன, அதே ஆண்டு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். ராமேஸ்வரம் போகிற குடும்பங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போதே நம் பக்கமும் திரும்புகின்றன. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் படகுத்துறையில் டிக்கெட் எடுத்து முறையாகப் போகிறவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பு, ஆற்றின் மற்ற கரைகளில் தாங்களாகவே இறங்குகிறவர்களுக்கு இல்லை. எங்கள் கவலை அவர்களைப் பற்றித்தான்.

முதலில் சாலை. பெரிய சாலையிலிருந்து கரையோர ஊர்களுக்குப் பிரிகிற வழிகளில் பள்ளமான இடங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கிறது. உவர் மண், ஓரத்தில் அணைப்பும் கிடையாது, தண்ணீர் நின்ற இடத்தில் தார் விளிம்பிலிருந்து உடைந்து உள்ளே வருகிறது. விடியற்காலை வலையிலிருந்து கழித்த மீனை ஐஸ் பெட்டியில் வைத்து டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டி எடுத்துப்போகிறவர், அந்தப் பள்ளத்தில் வண்டியை இறக்கும்போது ஒரு காலைத் தரையில் ஊன்றித்தான் போகிறார். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஐஸும் மீனும் சகதியில் கொட்டிவிடும், அந்த மீனை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். பிரசவ வலி வந்தவரை ஏற்றிக்கொண்டு 108 வண்டி போவதும் இதே வழிதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பிடிக்கப் பெரிய சாலைக்கு நடப்பதும் இதே வழிதான். அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலிலும் வெளியூர்க் கார்களும் வேன்களும் சேர்ந்துகொண்டால் எதிரும் புதிருமாக நின்று ஹாரன் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்காக அகலப்படுத்துகிறோம் என்று ஆற்றுப் பக்கம் மண் கொட்டிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். அலையாத்தி மரத்துக்கு மூச்சே வேரில்தான் இருக்கிறது. சேற்றுக்கு மேலே பென்சிலை நட்டுவைத்த மாதிரி விரல் விரலாக நிற்கிறதே, அந்த வேர்கள்தான் காற்றை இழுத்து அடிவேருக்குக் கொடுக்கின்றன. மேலே மண் மூடினால் மரம் வெட்டாமலே செத்துவிடும். சாலைக்கரை குறுக்கே அணை மாதிரி நின்று கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைத் தடுத்தாலும் இதே கதிதான், உள்பக்கம் தண்ணீர் தேங்கி உப்பு ஏறி மரம் பட்டுப்போகும். மீன் குஞ்சும் இறாலும் நண்டும் வளர்கிற இடம் அது, எங்கள் வலைக்கு வருகிறவற்றில் பல அங்கேதான் பெரிதாகின்றன. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் அலையாத்திக் காடு மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே இருக்கிற அகலத்துக்குள்ளேயே, தண்ணீர் நிற்கிற பகுதியில் தாருக்குப் பதிலாக சிமெண்ட் கான்கிரீட், தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வரத் தேவையான இடங்களில் குழாய்ப் பாலங்கள், எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க ஊர்ப் பக்கம் சில இடங்களில் மட்டும் அகலம், இவை போதும். எங்கே தண்ணீர் ஏறும், எங்கே வடியும் என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும், பொறியாளர் அளக்க வரும்போது அவர்களையும் கூட நடக்கவிட்டால் குழாய் சரியான இடத்தில் விழும்.

அடுத்தது சேறு. இதை வெளியூர்க்காரர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கியிருக்கிற நேரத்தில் பார்த்தால் மேலே காய்ந்து வெடித்து, நடந்துவிடலாம் போலத் தெரியும். ஆறு கொண்டுவந்த வண்டல் அது, மேல்தோலுக்குக் கீழே களிக்கூழ்தான். நாரையைப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்க அப்பா இறங்க, பின்னாலேயே இறங்கிய பையன் தொடை வரைக்கும் புதைந்துபோனதை எங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்து ஓடினார்கள். பதற்றத்தில் அவன் காலை இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனான். வல்லத்திலிருந்து, அதாவது எங்கள் மீன்பிடிப் படகிலிருந்து ஒரு பலகையை எடுத்து சேற்றின் மேல் படுக்கப்போட்டு, அதில் குப்புறப் படுத்து, கையாலேயே காலைச் சுற்றியிருந்த சேற்றைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். நல்லவேளை, ஏற்றம் தொடங்கியிருக்கவில்லை. அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. தமிழில் பெரிதாக எழுதி, படமும் போட்டுப் பலகைகள் வையுங்கள். பலகையோடு நிறுத்தாமல் மரத்தாலான பார்வை மேடை ஒன்றும், அதற்குப் போகக் கைப்பிடி வைத்த நடைமேடையும் வேரை மிதிக்காமல் கரைப் பக்கமாக வரட்டும், ஒரு பைனாகுலரும் அங்கே இருக்கட்டும். நின்று பார்க்க இடம் இருந்தால் பாதிப் பேர் சேற்றில் இறங்க மாட்டார்கள்.

படகு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள், நம் மாநிலத்தவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இரண்டும் வேடிக்கை பார்க்கப் போன குடும்பங்கள். எங்கள் வல்லம் வலைக்காகக் கட்டியது, கூட்டத்துக்காக அல்ல. விடுமுறை நாளில் யாராவது கூடக் காசு தருகிறோம் என்று கேட்டால் ஏற்றிக்கொள்ளாதே என்று ஊருக்குள் நாங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அரசு தரப்பிலும் எத்தனை பேர், எந்தப் படகு, வாடைக் காற்று பலமாக இருந்தால் சவாரி நிறுத்தம் என்று ஒரு விதி போட்டு, படகுத்துறையில் எழுதி ஒட்டி, மீறினால் அபராதம் என்று அறிவித்தால் நாங்கள் சொல்வதற்கும் மதிப்பு இருக்கும். நீச்சல் தெரிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து சீசனுக்கு மட்டுமாவது காவலர்களாகச் சம்பளம் போட்டு வையுங்கள். கயிறு, மிதவை வளையம், நீளப் பலகை, ஆளைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர் இவை படகுத்துறையிலேயே இருக்கட்டும்.

பறவைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும், அதையும் மறக்காமல் எழுதுகிறோம். உள்ளான் மாதிரி சின்னப் பறவைகள் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகின்றன, வற்றத்தில் வெளிப்படும் சேற்றில்தான் இரை பொறுக்குகின்றன. தண்ணீர் ஏறிவிட்டால் அன்றைய சாப்பாடு அவ்வளவுதான். அந்த நேரத்தில் ட்ரோன் விட்டும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டும் திரும்பத் திரும்பக் கிளப்பிவிட்டால், திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பு உடம்பில் சேராது. பாலங்களின் மேல் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிப் படம் எடுப்பதும் நடக்கிறது, பின்னால் லாரி வருவது யாருக்கும் தெரிவதில்லை. பாலத்துக்கு முன்னாலேயே வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, பாலத்தில் நிறுத்தத் தடை போட்டு, போலீசார் விடுமுறை நாட்களில் ஒரு சுற்று வந்தாலே போதும். ட்ரோனுக்கு அனுமதி இல்லை என்பதையும் அதே பலகையில் எழுதிவிடலாம்.

பணத்துக்கு வழி இருக்கும் என்று நம்புகிறோம். முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது, மேடைக்கும் பலகைக்கும் சுற்றுலாத்துறையையும் வனத்துறையையும் கேட்கலாம். நேரம்தான் முக்கியம். டெண்டர் இழுத்து இழுத்துப் புரட்டாசியில் வேலை தொடங்கினால் மழையில் போட்ட சாலை அந்த மழையிலேயே போய்விடும். சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணிக்குள் முடித்துவிடக் கேட்டுக்கொள்கிறோம், பறவை வருவதும் அதற்குப் பிறகுதான்.

தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில், வற்ற நேரத்தில் வாருங்கள். நெடுஞ்சாலைத்துறை, வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகள் ஒன்றாக வந்தால் ஒரே நடையில் எல்லா இடத்தையும் காட்டிவிடுவோம், ஒரு துறையைக் கேட்டால் இன்னொரு துறையைக் கை காட்டுகிற பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். வருகிற தேதியை ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அன்று யாரும் கடலுக்குப் போகாமல் காத்திருப்போம்.

இப்படிக்கு,
கோட்டக்கரையாற்றுக் கரையோர ஊர் மக்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
வன உயிரினக் காப்பாளர், இராமநாதபுரம்
கோட்டப் பொறியாளர், நெடுஞ்சாலைத்துறை, இராமநாதபுரம்