பாலாப்பழத்துக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தோட்டங்களில் வளர்க்கத்தக்க வெப்பமண்டலப் பழங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். டிராகன் பழம், ரம்புட்டான், மங்குஸ்தான் என்று வெளிநாடுகளிலிருந்து வந்தவற்றுக்கு விரிவாக இடம் தந்த அக்கட்டுரையில், நம் கடலோரக் காட்டிலேயே பழுக்கும் பாலாப்பழத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் அளித்தது. வேதாரண்யம் பக்கத்தைத் தாண்டினால் இப்பழத்தைத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

கோடியக்கரைக் காட்டில் மிகுதியாக இருப்பது பாலா மரம்தான். சப்போட்டா, இலுப்பை, மகிழம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இது, உப்புக்காற்றையும் நீண்ட வறட்சியையும் தாங்கி, ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்கும். கோடையில் வேப்பம்பழத்தின் அளவில் மஞ்சள் மஞ்சளாகப் பழுக்கும். தோல் மிக மெல்லியது என்பதால் உரிக்க வேண்டியதில்லை; அப்படியே வாயிலிட்டு, பளபளக்கும் பழுப்பு நிற விதையை மட்டும் துப்பிவிடலாம். நல்ல இனிப்பு. ஆனால் அப்போதுதான் பறித்த பழத்தைத் தின்றால் அதன் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது, தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். சற்று வெயில் காட்டி வாடவிட்டால் பால் அடங்கும், இனிப்பும் கூடும். குஜராத்தில் இதையே ராயண் என்று சொல்லி, உலர்த்தியும் விற்கிறார்கள்.

இலங்கையின் வன்னிப் பகுதியில் இதற்குப் பாலைப்பழம் என்று பெயர். அங்கே வீரைப்பழத்தோடு சேர்த்து இதையும் விரும்பி உண்பார்கள். வில்பத்து, யால காடுகளில் ஜூன், ஜூலை மாதங்களில் கரடிகள் இப்பழத்துக்காகவே மரமேறுவதும், அதைக் காணவே பயணிகள் அந்தப் பருவத்தில் செல்வதும் பலரும் அறிந்த செய்தி.

நம் விவசாயிகளுக்கும் பாலா அறியாத மரம் அன்று. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த சப்போட்டாவை நாம் ஒட்டுக்கட்டுவது பாலா நாற்றின் மீதுதான். நாம் தின்னும் சப்போட்டாவில் பெரும்பகுதி பாலாவின் வேரில் நின்று காய்த்தது. ஒட்டுக்குக் கீழே பாலாவிலிருந்து துளிர் கிளம்பினால் உடனே கிள்ளி எறிய வேண்டும் என்பது தோட்டக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த பாடம். சப்போட்டா காய்க்க அது தேவைதான், மறுக்கவில்லை. என் கோரிக்கை வேறு: நாற்றங்கால்களில் இதற்கென வளர்க்கப்படும் பாலா நாற்றுகளில் ஒரு பகுதியையாவது ஒட்டுக்கட்டாமல், தனி மரமாக வளர்ப்பதற்கென்று மக்களுக்குத் தர வேண்டும்.

இது மிக மெதுவாக வளரும் மரம், நட்டவர் பழம் பார்க்க நெடுங்காலம் ஆகும் என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மைதான், வணிகத் தோப்பாக வைக்க இது ஏற்றதன்று. பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், ஏரிக்கரை, கடலோரப் புறம்போக்கு போன்ற பொது இடங்களுக்கோ இதைவிடப் பொருத்தமான மரம் எளிதில் கிடைக்காது. செக்குக்கும் வீட்டுத் தூணுக்கும் பயன்பட்ட, வைரம் பாய்ந்த மரம் இது. ஒருமுறை வேரூன்றிவிட்டால் தலைமுறைகளுக்கு நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடியக்கரைக் காடு 1967 முதல் வெளிமான்களுக்கான சரணாலயம். அங்குள்ள பழம் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உரியது. ஏற்கெனவே சீமைக் கருவேலம் அக்காட்டுக்குள் பரவி வருகிறது; 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் அங்கே ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மக்கள் இப்பழத்தை விரும்பத் தொடங்கினால் அந்தச் சுமையும் அதே காட்டின் மீது விழக் கூடாது. ஆகவே ஊர்ப்புறங்களில் மரங்கள் பெருகுவது முதலில் நடக்க வேண்டும்.

பாலா நாற்று எந்தெந்த அரசுப் பண்ணைகளில் கிடைக்கும், விதையிலிருந்து எப்படி வளர்ப்பது என்பதைத் தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்டு, தாங்கள் ஒரு தனிக் கட்டுரை வெளியிட வேண்டும். சப்போட்டா ஒட்டுக் கன்று வாங்கச் செல்லும் வாசகர்கள், ஒட்டுக்கட்டாத பாலாக் கன்று ஒன்றையும் கேட்டு வாங்குமாறு தங்கள் இதழின் வழியே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.