லயத்து வீட்டில் சேரும் புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாசிக்காத புத்தகங்கள் வீட்டில் குவிவது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் பார்த்தேன். கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததை வாங்கக் கூடாது என்று அதில் இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அது சரி, நினைத்த நேரத்தில் கடைக்குப் போய் வரலாம். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கமான போகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அக்கரப்பத்தனையிலும் இருக்கிற எங்களுக்கு அது சரிவராது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் டவுன்களில் புத்தகக் கடை என்றால் பெரும்பாலும் அப்பியாசக் கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் விற்கிற கடைதான். நாவலோ கவிதையோ வேண்டுமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும், அல்லது செப்டெம்பரில் கொழும்பில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிற யாரிடமாவது லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஹட்டனில் எப்போதாவது நடக்கிற நூல் வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். மலையக எழுத்தாளர்களின் புத்தகங்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. பலர் சொந்தக் காசில்தான் போடுகிறார்கள், தீர்ந்துபோனால் மறுபதிப்பு வருமா என்று அவர்களுக்கே தெரியாது. வெளியீட்டு மேசையில் கண்டபோது வாங்காவிட்டால் அப்புறம் ஆளாளிடம் கேட்டு அலைவதுதான்.

தபாலில் எடுக்கலாமே என்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதமும் பார்சலும் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்து வந்து தர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதமே திகதி போன பிறகு கைக்கு வந்த வீடுகள் இருக்கும்போது புத்தகப் பார்சல் எம்மாத்திரம்?

விலையையும் சொல்ல வேண்டும். 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். ரூபா விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் அட்டையில் போட்டிருக்கிற விலையை மூன்றால் பெருக்கினாலும் போதவில்லை. ஒரு தடித்த நாவலின் விலை கொழுந்தெடுக்கிற ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதனால் விலை குறைத்துக் கிடைக்கிற இடத்தில் நாங்கள் சேர்த்துத்தான் வாங்குவோம். லயத்து அறையான என் காம்பிராவில் வாசிக்காத புத்தகம் நிறைய இருக்கிறது, அதற்காக நான் வெட்கப்படவில்லை. பக்கத்தில் ஒரு நூலகம் செய்ய வேண்டிய வேலையைத்தான் அந்த அடுக்கு செய்துகொண்டிருக்கிறது.

ஆனால் இங்கே அதைச் சும்மா அடுக்கி வைக்க முடியாது. மே மாதம் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை மாதக்கணக்கில் நனைக்கும், மழை விட்டாலும் பனி விடாது. காற்றின் ஈரப்பதன் அறுபத்தைந்து வீதத்துக்கு மேலேயே நின்றால் கடதாசியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், எங்களுக்கோ அது வருடத்தில் பாதி. முதலில் முதுகுப் பக்கத்துத் துணியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி வரும், விரல் வைத்தால் சாம்பல் போல ஒட்டும், அப்புறம் அட்டைக்குள்ளே மஞ்சள் படரும். இராமபாணப் பூச்சி வேறு இருக்கிறது. அது பைண்டிங் பசையில் இருக்கிற மாப்பொருளைத் தேடித்தான் வருகிறது, அதனால் ஓரத்தை அரித்து, தையலுக்குக் கிட்டவும் அரித்துவிடும், நடுவில் எழுத்து அப்படியே இருந்தாலும் தாள் கழன்று கையோடு வரும்.

தகரக் கூரை லயத்தில் வெளிச்சுவர்தான் அதிகம் வேர்க்கிறது. புத்தக றாக்கையை அந்தச் சுவரில் சாய்க்காமல், உள்சுவர் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரம் பட்ட புத்தகத்தைப் பொலித்தீன் பையில் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். கார்ட்போர்ட் பெட்டியும் வேண்டாம், அது பூச்சிக்கு வீடு. பூஞ்சணம் வந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பு நிழலில் விரித்துக் காயவைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்சால் தட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட நல்லது புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் புரட்டுவது. ஆள் கை படுகிற புத்தகத்தில் பூஞ்சணம் வந்தாலும் முதல் புள்ளியிலேயே தெரிந்துவிடும்.

சரி, எதை முதலில் வாசிப்பது? நான் ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். நோர்வூட், டிக்கோயா வளைவுகளில் ஆட்டுகிற பஸ்சில் வாசித்தால் தலை சுற்றும், எனக்குக் கிடைப்பது இராச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள கொஞ்ச நேரம்தான். அதனால் மறுபடி கிடைக்காத புத்தகத்தைத்தான் முன்னால் எடுக்கிறேன், அது பெரும்பாலும் நம்மவர் எழுதியதாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் வருடா வருடம் மறுபதிப்பு வருகிற நாவல் காத்திருக்கட்டும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கே இருப்பதைப் போனிலேயே வாசிக்கிறேன், அதைக் காசு கொடுத்துத் தேட வேண்டியதில்லை. பிடிக்காத புத்தகத்தைக் கட்டாயத்துக்கு முடிப்பதும் கிடையாது. நாற்பது ஐம்பது பக்கத்தில் மனம் ஒட்டவில்லையா, அதைப் பிடிக்கக்கூடிய ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக் கொடுப்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் தோட்டத்துக் கதைகள் அடங்கிய ஒரு தொகுப்பை என்னிடம் வாங்கிப் போனார், கொழுந்தெடுக்கிறவர், பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவர். இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களமும், வேலை வாங்குகிற கங்காணியும் வருகிற இடத்தில் அந்த அம்மா நிறுத்தச் சொல்லி, தன் காலத்துக் கங்காணி பேசியதை அப்படியே சொல்லிக் காட்டினார். அந்தத் தொகுப்பு எத்தனையோ நாள் என் றாக்கையில் வாசிக்காமல் கிடந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. அந்த வாசகர் வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஒருவருடைய காம்பிரா எவ்வளவுதான் தாங்கும்? பத்துக்குப் பன்னிரண்டு அடியில் குடும்பமே படுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் பிரதேச சபைகளைக் கேட்கிறேன். 2018 வரை சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை, அந்த வருடம் சட்டம் திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனிச் சபைகளும் வந்தன. வீதியும் வடிகானும் முதலில் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூலகமும் சபையின் வேலைதான். நான் அங்கத்துவம் கேட்டுப் போன ஒரு பொது நூலகத்தில் சொந்த வீடு, காணிக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிற ஒருவரின் பிணைக் கையெழுத்தைக் கேட்டார்கள். லயத்தில் இருக்கிறவர் யாரிடம் போவார்? அவர் இருக்கிற வீடே அவர் பெயரில் இல்லை. தோட்டத்து அடையாள அட்டையோ, கிராம உத்தியோகத்தரின் கடிதமோ, பாடசாலை அதிபரின் கையெழுத்தோ போதும் என்று சபை ஒரு தீர்மானம் எடுத்தால் இந்தத் தடை நீங்கும்.

இன்னொன்று. பல தோட்டங்களில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு அலுமாரி வைக்க இடம் இருக்கிறது. பூட்டும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும், மாலையில் ஒரு மணி நேரம் திறக்க உயர்தரம் (ஏ எல்) படிக்கிற பிள்ளைகளே முன்வருவார்கள். எங்கள் தோட்டத்து டிவிசனில் யாராவது அலுமாரிக்கு இடம் தந்தால் என் புத்தகங்களில் பாதியை முதல் நாளே கொண்டுவந்து வைக்கிறேன், நான் இன்னும் வாசிக்காததையும் சேர்த்து.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
போகவந்தலாவை